ரத்தக் குழாய் போர்வெல் பைப் இல்லை

தமிழில் உடல்நல வீடியோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கம், எதை எடுத்தாலும் தமனியில் கால்சியம் சேர்வதை விளக்க ஒரே ஒரு உவமைதான் திரும்பத் திரும்ப வருது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்பு படியுது இல்லையா, அதே மாதிரி ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சுக்குது, அவ்வளவுதான். சிலர் கூடவே அறுத்த ஜி.ஐ. பைப் ஒன்றின் படத்தையும் போடுவாங்க. உள்ளே வெள்ளையும் துருவும் கலந்து கெட்டியாக, நடுவில் விரல்கூட நுழையாத ஓட்டை.

இந்த உவமை தப்பு என்பதுதான் என் வாதம். சின்னத் தப்பு என்றால் விட்டுடலாம், உவமை என்றாலே கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனால் இந்தத் தப்பை வைத்து மருந்து விற்கிறார்கள், இதை நம்பி ஜனங்கள் தேவையான மாத்திரையை நிறுத்துகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் இந்த உவமைக்குத் தனி மவுசு. காரணம் சொல்லவே தேவையில்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகாத சாலை கிடையாது. சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் ரெண்டே மாசத்தில் வெள்ளைப் படலம், ஹீட்டர் காயிலில் ஓடு கட்டின மாதிரி ஒரு மேலுறை. இதையெல்லாம் தினம் பார்க்கிற ஆளிடம் "உங்க ஊர்த் தண்ணி உடம்புக்குள்ளயும் இதே வேலையைத்தான் பண்ணுது" என்றால் அவர் மறுக்க என்ன இருக்கு? கண்ணாலேயே பார்த்தாச்சே.

முதல் சிக்கல் வேதியியலில் இருக்கு. பாத்திரத்தில் படிவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதுவேதான். நோய்ப்பட்ட தமனியில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அதிலும் ஹைட்ராக்சிஅபடைட் வகை. நம் எலும்பும் பல்லும் எதனால் ஆனதோ அந்தக் கனிமம். இரண்டிலும் கால்சியம் இருக்கு என்பதற்காக ஒன்று என்று சொல்வது, சாப்பாட்டு உப்பிலும் சலவைச் சோடாவிலும் சோடியம் இருக்கு என்பதற்காக ரசத்தில் சோடாவைப் போடுவது மாதிரி.

இரண்டாவது, குடிக்கிற தண்ணீரில் கால்சியம் கூடினால் ரத்தத்தில் கூடிவிடாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்ற குறுகிய எல்லைக்குள் உடம்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் குடல், சிறுநீரகம், எலும்பு மூன்றையும் வைத்து அந்தக் கணக்கைச் சரி பண்ணிக்கொண்டே இருக்கும். போர்வெல் பைப்புக்கு அப்படி ஒரு கன்ட்ரோல் லூப் கிடையாது. கடின நீர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 1957-இல் ஜப்பானில் கோபயாஷி ஆற்று நீரின் தன்மையையும் பக்கவாத மரணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து பல நாடுகளில் இந்தக் கேள்வியைத் துருவியிருக்கிறார்கள். கடின நீர் குடிக்கும் பகுதிகளில் இதய நோய் மரணம் குறைவு என்றுதான் பல ஆய்வுகள் காட்டின. சில காட்டவில்லை. கடின நீர் இதயத்தைக் காக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனால் பயமுறுத்தும் கதைக்கு எதிர்த்திசையில்தான் முள் சாய்ந்திருக்கு.

சரி, தண்ணீரிலிருந்து வரவில்லை என்றால் தமனியில் அந்தக் கனிமம் எப்படி வந்தது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பல இடங்களில் அது படியவில்லை, கட்டப்படுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1858-இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ நடத்திய செல் நோயியல் விரிவுரைகளிலேயே, தமனிச் சுவரில் நடப்பது வெறும் சுண்ணமேற்றம் மட்டுமல்ல, சில நேரம் அது உண்மையான எலும்பாக்கம்தான் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். 1906-இல் பன்டிங் என்பவர் இறுகிப்போன ஒரு மகாதமனியில், உள்ளே சிவப்பு மஜ்ஜையோடு நிஜ எலும்பே உருவாகியிருந்ததைப் பதிவு செய்தார். மஜ்ஜை! அதாவது ரத்த அணுக்களை உற்பத்தி பண்ணும் திசு, ரத்தம் ஓடுகிற குழாயின் சுவருக்குள்ளேயே. எந்தப் பைப்பில் படிந்த உப்புக்குள் மஜ்ஜை இருக்கும்?

இதயக் கதவுகளிலும் இதே கதைதான். 2001-இல் மோலரும் குழுவினரும் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த 347 இதய வால்வுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 288-இல் கால்சியம் சேர்ந்திருந்தது. அவற்றில் 36 வால்வுகளில், அதாவது சுமார் 13 சதவீதத்தில், அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பு இருந்தது. கால்சியம் சேர்ந்த இடமெல்லாம் முழு எலும்பு ஆகிவிடாது என்பதையும் இதிலேயே கவனியுங்கள். பெரும்பாலானவை அந்த நிலைக்குப் போவதில்லை. ஆனால் அதை நோக்கிய வேலை, எலும்பு கட்டும் அதே புரதங்களோடு, அதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

1993-இல் கிறிஸ்டினா போஸ்ட்ரோம், லிண்டா டெமர் ஆகியோர் மனிதத் தமனிகளின் கொழுப்புத் திட்டுகளில் எலும்பை உருவாக்கத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதம் இருப்பதைக் கண்டார்கள். இந்தப் புரத வகையின் கதை 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைப்பதைப் பார்த்ததில் தொடங்கியது. அந்தச் சமிக்ஞை தமனிச் சுவரில் ஏன் ஓடுது?

என் தொழில் மொழியில் சொன்னால் எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே கோட்பேஸ். தமனிச் சுவரில் இருக்கிற மென்தசைச் செல்லிலும் எலும்பு கட்டும் மாட்யூல் அப்படியே உட்கார்ந்திருக்கு, ஆஃப் பண்ணி வைத்திருக்காங்க, அவ்வளவுதான். அழற்சி, ஆக்சிஜனேறிய கொழுப்பு, கூடுதல் பாஸ்பேட், நாள்பட்ட சர்க்கரை இவையெல்லாம் சேர்ந்து நெருக்கும்போது, ரன்க்ஸ்2 என்ற ஜீன் சுவிட்ச் ஆன் ஆகிறது. சுருங்கி விரியும் வேலையை மெல்ல விட்டுவிட்டு, அந்தச் செல் எலும்புச் செல்லின் குணத்தை எடுத்துக்கொள்கிறது. டெட் கோட் என்று நினைத்தது ப்ரொடக்‌ஷனில் ஓட ஆரம்பிக்கிற மாதிரி. (இந்த உவமையும் ஒரு கட்டத்தில் உடையும். செல் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் பைப்பை விட இது தேவலாம்.)

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி தலைகீழானது. ரத்தத்தில் இருக்கிற கால்சியம், பாஸ்பேட் அளவுக்குக் கணக்குப்படி பார்த்தால் ஹைட்ராக்சிஅபடைட் எங்கே வேண்டுமானாலும் விளைய முடியும். ஏன் நாம் எல்லோரும் இன்னும் கல்லாகவில்லை? தடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கல்லீரல் அனுப்பும் ஃபெட்யுயின்-ஏ, பைரோபாஸ்பேட், தமனிச் சுவரே சுரக்கும் எம்ஜிபி என்ற புரதம். 1997-இல் லுவோ, கார்சென்ட்டி குழுவினர் எம்ஜிபி ஜீனை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எலிகள் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. இரண்டு மாதத்துக்குள் தமனிகள் கனிமமாக இறுகி வெடித்து இறந்தன. தண்ணீரை யாரும் மாற்றவில்லை, சாப்பாட்டை மாற்றவில்லை. ஒரே ஒரு புரதம் இல்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உவமையைக் கடன் வாங்கியவர்கள் கல்லையே சரியாகப் பார்க்கவில்லை. 1862-இல் பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அரியலூர்த் தொகுதியில் வருவதுதான் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வயது. அதில் கிரைஃபியா என்ற சிப்பியின் ஓடுகள் குவியல் குவியலாக இருக்கின்றன. கடல் நீரில் சும்மா படிந்த சுண்ணாம்பு இல்லை அது. உயிருள்ள ஒரு திசு, புரதச் சட்டகம் போட்டு, அயனி அயனியாகக் கட்டிய வீடு. கட்டியவர் செத்தார், வீடு பாறையாச்சு, நாம் அதை வெட்டி சிமென்ட் பண்றோம். ஆக "சுண்ணாம்பு மாதிரி" என்று சொல்வதாக இருந்தால், பைப்பைக் காட்டாமல் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு சிப்பியைக் காட்டியிருக்கலாம். அது தமனிக்கு இன்னும் நெருக்கம்.

உயிரில்லாமல் படிந்ததற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது, 18 மீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அந்த மரம் செத்து, கடலடி வண்டலில் புதைந்த பிறகு, சிலிக்கா மரத் திசுவின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது. மரம் அதில் எந்த வேலையும் செய்யவில்லை. "ரத்தக் குழாய் கல்லாயிடுச்சு" என்று சொல்லும்போது நம் மனசில் ஓடுவது கல்மரம். நடப்பதோ சிப்பி.

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, நோயாளிக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கு.

படிவு என்றால் அடுத்த யோசனை தானாக வரும்: ஆசிட் ஊற்றிக் கழுவு. "ஆபரேஷன் இல்லாமல் அடைப்பு நீக்கம்" என்று விளம்பரப்படுத்தப்படும் கீலேஷன் சிகிச்சையின் அடிப்படை இதுதான். ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். தொழிற்சாலைக் கொதிகலன்களில் படிவு நீக்கப் பயன்படும் அதே பொருள். 1956-இல் டெட்ராய்ட்டில் நார்மன் கிளார்க் நெஞ்சுவலி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது அவர் யோசனையும் தமனியின் கால்சியத்தைக் கரைப்பதுதான். ஆனால் ஈடிடிஏ முதலில் பிடிப்பது ரத்தத்தில் மிதக்கும் கால்சியத்தை. அது குறைந்ததும் பாராதைராய்டு விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். வேகமாக ஏற்றினால் ஈடுகட்ட நேரம் இருக்காது, இதயம் நின்றுபோகும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இப்படி நடந்த 3 மரணங்கள் அரசுப் பதிவில் இருக்கின்றன, இரண்டு பேர் குழந்தைகள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். 2013-இல் வந்த டாக்ட் என்ற பெரிய ஆய்வு, 1,708 பேரிடம், கீலேஷனுக்கு ஒரு சிறு பலன் இருப்பதாகக் காட்டியது, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளில். ஆராய்ச்சியாளர்கள் அதை ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் வெளியேறுவதால் இருக்கலாம் என்று யோசித்தார்கள். கால்சியம் கரைவதால் என்று சொல்லவில்லை. சரி, மறுபடி பார்ப்போம் என்று மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 1,000 பேரிடம் செய்த டாக்ட்-2 முடிவு 2024-இல் வந்தது. ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்தது. இதயப் பாதிப்பு கீலேஷன் எடுத்தவர்களில் 35.6 சதவீதம், எடுக்காதவர்களில் 35.7. கதை முடிந்தது. விளம்பரம் முடியவில்லை.

அடுத்தது கே2 வைட்டமின். "கால்சியத்தை ரத்தக் குழாயிலிருந்து எடுத்து எலும்புக்கு அனுப்பும் டிராஃபிக் போலீஸ்" என்று ஒரு வீடியோவில் கேட்டேன். இதற்குப் பின்னால் நிஜ அறிவியல் ஒரு துளி இருக்கு. மேலே சொன்ன எம்ஜிபி வேலை செய்ய வைட்டமின் கே வேணும். ஆனால் டென்மார்க்கில் இதய வால்வில் கால்சியம் சேர்ந்த 365 ஆண்களிடம் இரண்டு வருஷம் கே2-வும் டி-யும் கொடுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். கால்சியம் சேரும் வேகம் குறையவில்லை. பணம் போனால் போகுது என்று விடவும் முடியாது. உலோக வால்வு வைத்து வார்ஃபாரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர் டாக்டரிடம் சொல்லாமல் கே2 வாங்கிப் போட்டால், மருந்தின் வேலை கெட்டு வால்வில் ரத்தம் உறையும். அது உயிர் போகிற விஷயம்.

மூன்றாவது இழப்பு சத்தமில்லாதது. எங்கள் உறவில் அறுபது தாண்டிய ஒரு பெரியம்மா. மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் மகாதமனி வளைவில் கால்சியம் தெரிகிறது என்று ஒரு வரி இருந்தது. யாரோ பைப் உவமையைச் சொல்ல, கால்சியம் மாத்திரையை நிறுத்தினார், பாலை நிறுத்தினார், கேழ்வரகுக் களியையும் நிறுத்தினார். அடுத்த வருஷம் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. நிறுத்தியதால்தான் முறிந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு கரைவதும் தமனி இறுகுவதும் ஒரே காலத்தில் நடப்பதை ஆய்வாளர்கள் பல முறை பார்த்திருக்கிறார்கள். தமனியில் கால்சியம் என்றால் உடம்பில் கால்சியம் வழிகிறது என்று அர்த்தமில்லை. மாத்திரை பற்றி விவாதம் உண்டுதான். 2010-இல் போலண்ட் குழுவின் தொகுப்பாய்வு கால்சியம் மாத்திரையால் மாரடைப்பு கூடலாம் என்றது. பின்னர் வந்த பல ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அதை டாக்டரிடம் பேசி முடிவு பண்ணுங்கள். கேழ்வரகு என்ன பாவம் செய்தது?

உண்மையில் யார் பயப்படணும் என்பதை இந்த உவமை மறைத்துவிடுகிறது. குட்மேன் குழு 2000-இல் டயாலிசிஸில் இருந்த 39 இளம் வயதினரை ஸ்கேன் செய்தது. 20 முதல் 30 வயதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேரின் இதயத் தமனியில் கால்சியம். இருபது வயதில்! அவர்கள் அரியலூர்த் தண்ணீர் குடித்தவர்கள் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பாஸ்பேட் ரத்தத்தில் தேங்கி, அதுவே மென்தசைச் செல்லின் எலும்பு சுவிட்சைத் தட்டிவிடுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. டயாலிசிஸ் போகும் ஒருவர் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கூடவே பாஸ்பாரிக் அமிலம் கலந்த கறுப்புக் குளிர்பானத்தையும் குடித்தால் அவர் எதைக் காப்பாற்றினார்?

பைப் உவமைக்கு ஒரே ஒரு இடத்தில் மரியாதை கொடுக்கணும். குழாய்களில் படிவைத் தடுக்கத் தொழிற்சாலைகள் பாலிபாஸ்பேட் சேர்ப்பது உண்டு. 1960-களில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ், உடம்பிலும் பைரோபாஸ்பேட் அதே வேலையைச் செய்கிறது என்று கண்டு, அதன் வழியில் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளுக்குப் போனார். அவையும் முதலில் படிவு தடுக்கும் ரசாயனங்கள்தான். இன்று எலும்புத் தேய்மானத்துக்கு எழுதித் தரும் அலென்ட்ரோனேட் அந்தக் குடும்பம். ஆனால் அது மருந்தாக வேலை செய்வது எலும்பைத் தின்னும் செல்களை நிறுத்துவதன் மூலம். பைப்பில் தொடங்கியவர்கூட கடைசியில் செல்லிடம்தான் வந்து சேர்ந்தார்.

ஸ்கேன் ரிப்போர்ட் வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1990-இல் அகாட்ஸ்டன் வகுத்த கால்சியம் ஸ்கோர் நல்ல அளவுகோல். ஸ்கோர் பூஜ்யம் என்றால் அடுத்த சில வருஷங்களுக்கு ஆபத்து குறைவு, ஏற ஏற ஆபத்து அதிகம். ஆனால் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஸ்கோர் ஏறவும் செய்யும். 2015-இல் பூரி குழுவினர் 8 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்டாட்டின் கொழுப்புத் திட்டைக் குறைத்தாலும் அதில் கால்சியத்தைக் கூட்டுவதைக் கண்டார்கள். மென்மையான, எப்போது வெடிக்குமோ என்ற திட்டு கெட்டிப்பட்டு அடங்குகிறது என்பது பரவலான விளக்கம். பொடிப்பொடியான கால்சியத் துகள்கள்தான் திட்டை விரிசல் விடவைக்கும், பெரிய கட்டி பெரும்பாலும் அமைதியானது. பைப் கணக்குப்படி யோசிப்பவர் "மாத்திரை சாப்பிட்டும் படிவு கூடிடுச்சே" என்று ஸ்டாட்டினை நிறுத்துவார். மிக மோசமான முடிவு.

கடைசியாக, அடைப்பே இல்லாத இறுக்கம். 1903-இல் மொன்கெபெர்க் விவரித்தது இது: கால்சியம் தமனியின் உட்பக்கத்தில் சேராமல், நடு அடுக்கில் வளையம் வளையமாகச் சேரும். ஓட்டை சுருங்குவதே இல்லை, ஆனால் குழாய் விறைத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளின் கால்களில் இது சகஜம். பைப் படத்தில் இதைக் காட்டவே முடியாது. விளைவு வேடிக்கையானது, ஆபத்தானதும்கூட. காலில் ரத்த ஓட்டம் பார்க்கக் கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் எடுத்து, கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. ஆனால் எலும்பாக விறைத்த குழாய் பட்டைக்கு அமுங்காது, அதனால் உள்ளே ஓட்டம் குறைந்திருந்தாலும் எண் ஏறிப் பொய்யாக நிற்கும். பருத்திக்காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் வெறுங்காலோடு நடக்கிற, பத்து வருஷச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு இந்த எண் 1.4-க்கு மேல் வந்தால், நல்லா இருக்கு என்று கிளம்பிவிடாமல், கால் பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். விரல் தமனிகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு விறைத்திருக்காது.